வருவதெல்லாம் தமிழ்

செங்கேணி திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "தூ." விரல் நகர்ந்தது. "ஈ." மறுபடி நகர்ந்தது. "தூ. உ. தூ. ஈ." வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். அங்கும் தூ. பக்கத்தில் ஈ. நடுநடுவே வேறு சில எழுத்துகள், உடைந்த கோடுகள். கடைசி வரி வரைக்கும் போய்ப் பார்த்தாள். விரல் பட்ட இடமெல்லாம் கண்ணாடியில் ஈரத் தடம் இருந்தது. வெளியே ஐப்பசி மழை விட்டு, வாசல் தகரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சாரு இது? தூ தூன்னு துப்பிக்கினே கீறாரு?"

"எழுத்து மாறி வருது."

"யாரு மாத்துனது?"

மடலை மூடி மறுபடி திறந்தேன். அதே தூ, அதே ஈ.

செங்கேணியின் வீடு பேருந்தில் போகும் தூரம், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், கடைசிக் கழனியையும் தாண்டி. இருளர் வீடுகள் பத்துப் பன்னிரண்டு அங்கே இருக்கும். அவளுடைய கணவன் பெயர் மாசி. பொங்கல் முடிந்ததும் ஒரு மேஸ்திரியோடு இமாசலப் பிரதேசத்துக்குப் போனான். மலைக்குள் சுரங்கம் குடையும் வேலை. தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வர வேண்டும். ஆனால் சுரங்க வாயிலில் இருந்த அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. அங்கே கணக்கு எழுதும் சாமுவேல் வாலாஜாபாத்காரர். மாசி சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்து அனுப்புவார். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த எங்கள் பிரவுசிங் சென்டருக்கு அது வந்து சேரும். செங்கேணி வந்து படித்துக்கொள்வாள். சிறு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள். எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க நேரமாகும். முதலில் வாய் சொல்லும், பிறகு காது கேட்கும், அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரியும். அவள் சொல்லும் பதிலை என் மனைவி வளர்மதி தட்டச்சு செய்வாள். அடியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பாள். இங்கே மழை இல்லை, குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த மாதிரி.

வளர்மதி ஆடி மாதம் இறந்துபோனாள். வயிற்றில் ஏழு மாதம். திடீரென்று ஜன்னி வந்தது. சென்டர் பூட்டிக் கிடந்தது. ஐப்பசி பிறந்ததும் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நான் பூட்டைத் திறந்தேன். எதற்கு என்று மாமனார் கேட்டார். சும்மாதான் என்றேன். தொலைபேசிக் கம்பியை மாட்டியதும் வந்து விழுந்த மடல்களில் நான்கு சாமுவேலின் முகவரியிலிருந்து வந்தவை. நான்கிலும் தூ, ஈ.

அன்று சாயங்காலம் செங்கேணி திரும்ப வந்தாள். கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்திருந்தாள். முழங்கையெல்லாம் கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்தது வளர்மதி.

"சாரு, மெய்யாலுமே படிக்க வரலியா, இல்ல படிச்சுட்டு வரலன்றியா?"

"வரல."

"நாலு வந்துகீது. எப்பவும் மாசத்துக்கு ஒண்ணுதான் வரும். நல்ல சேதிய எவன் நாலு வாட்டி சொல்லுவான்?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. புரட்டாசியில் அந்தப் பக்கம் மலை சரிந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். மேஸ்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். "நல்லாக் கீறான் போம்மா, ஒண்ணும் ஆவல" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"காஞ்சிபுரத்துல புது மெஷினு இருக்கு. அதுல இந்த எழுத்து வரும். ஃப்ளாப்பியில எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வரேன்," என்றேன்.

"படிச்சுட்டு வருவ. வந்து நல்லாக் கீறாருன்னு சொல்லுவ."

"நீயும் வா அப்ப."

"எங்க, அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட ரூமுக்கா? இந்தத் தெருவுல ஒரு கடையில என்ன உள்ள வுட்டாங்களா? அக்கா வந்து இத்த தொறக்கற வரிக்கும் படிக்கு வெளியதான் நின்னேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. விவரம் சொல்வது போலச் சொன்னாள். "உம்மேல நம்பிக்கை இல்லாம இல்ல சாரு. உன்னையே ஏமாத்திதான கூப்ட்டாங்க. இந்தப் பொட்டியில வரணும். என் கண்ணால பாக்கணும். என் வாயால படிக்கணும்."

என்னை ஏமாற்றிக் கூப்பிட்டதை ஊரே அறியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாமனார் என் அலுவலகத்துக்குப் பேசினார். "வளருக்கு ஒடம்பு சீரியஸா கீது. கெளம்பி வா மாப்ள." அவ்வளவுதான். குரலில் பிசிறு இல்லை. எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருப்பவர்களிடம் சாவை நேராகச் சொல்வதில்லை. வரும் வழியில் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று சீரியஸ் என்பார்கள். கேட்பவருக்கும் அதன் பொருள் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நம்பினேன். செங்கல்பட்டில் பேருந்து நின்றபோது இறங்கி ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மருத்துவமனையில் எத்தனை நாள் இருக்க வேண்டியிருக்கும், விடுப்பு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். உத்திரமேரூரில் இறங்கியபோது நல்ல வெயில். எங்கள் சந்து முனையில் ஏகாம்பரத்தின் டீக்கடை சாத்தியிருந்தது. தீபாவளிக்குக்கூட சாத்தாத கடை அது. ஏகாம்பரம் வளர்மதிக்குத் தூரத்து மாமா. பழப் பையை நிறுத்தத்துத் திண்டில் வைத்துவிட்டு நடந்தேன்.

"இந்தப் பொட்டியிலயே வரவைக்கறேன்," என்று செங்கேணியிடம் சொன்னேன். எப்படி என்று யோசிக்காமல் சொன்னேன்.

"எத்தினி நாளு ஆவும்?"

"தெரியல."

"நான் வந்துக்கினே இருப்பேன்."

கணினிக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அனுப்புபவரும் பெறுபவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எந்த ஒப்பந்தப்படி எழுதியது என்று ஒவ்வொரு மடலின் தலையிலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். வளர்மதி சென்டர் தொடங்கிய காலத்தில் தமிழுக்குத் தனி லேபிள் கிடையாது. தமிழ் மடல்கள் எல்லாம் மேற்கத்திய எழுத்து என்ற லேபிளைத்தான் மாட்டிக்கொண்டு போயின. பொய் லேபிள். வேறு போட்டால் வழியில் ஏதாவது ஒரு கணினி சிதைத்துவிடும். நாங்கள் பயன்படுத்திய மடல் மென்பொருள் அந்த லேபிளை அப்படியே நம்பியது. திறந்தால் பிரெஞ்சுக்காரர்களின் தொப்பி போட்ட எழுத்துகளாக வரும். அந்த மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். ஏனாத்தூர் கல்லூரியில் என்னோடு படித்தவள் வளர்மதி. என்னைவிட நன்றாக நிரல் எழுதுவாள். நான் சென்னையில் சம்பளத்துக்கு அடுத்தவர் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது அவள் இங்கே உட்கார்ந்து அந்த மென்பொருளைப் பிரித்தாள். உள்ளே வரும் மடலின் லேபிளைப் பார்க்கவே பார்க்காதே, எண்ணைப் பார்த்துத் தமிழாகவே காட்டு என்று ஏழெட்டு வரிகள் எழுதினாள். அந்த வரிகளுக்கு மேல், அடுத்து படிப்பவர்களுக்காக, ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு: இங்கே வருவதெல்லாம் தமிழ்தான். லேபிளை நம்பாதே.

மென்பொருளைப் பராமரித்தவர் ஹென்ரிக் என்ற வெளிநாட்டுக்காரர். அந்த வரிகளை அவருக்கு அனுப்பினாள். அன்பான மிஸ்டர் வளர்மதி என்று பதில் வந்தது. ஒரு மடல் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பாத மென்பொருளை நாங்கள் ஏற்க முடியாது. பல மாதம் சண்டை போட்டாள். கடைசி வரைக்கும் அவர் அவளை மிஸ்டர் என்றே அழைத்தார். அவளும் திருத்தவில்லை. "மிஸ்டர் சொன்னாதான் கேப்பான், மிஸஸ் சொன்னா கேக்க மாட்டான். இருக்கட்டும்" என்றாள். அவர்கள் ஏற்காததால் தன் பிரதியைத் தனிக் கிளையாக வெளியிட்டாள். மடை என்று பெயர் வைத்தாள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்காகப் பெரிய எழுத்து வைத்தாள். வெளியூர் போகிறவர்களுக்குக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தாள். சாமுவேலுக்கும் அப்படித்தான் கொடுத்தாள். இந்த வட்டாரத்தில் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் நான்கு வருடம் மடை வழியாகத்தான் சேதி வந்தது.

இதற்கிடையில் உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே எண் வரிசை வந்துவிட்டது. தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. லேபிள்கள் உண்மை சொல்லத் தொடங்கின. சுரங்க அலுவலகத்தில் கணினியை மாற்றியிருக்கிறார்கள். சாமுவேல் இப்போது புது எண்ணில் எழுதுகிறார், லேபிளில் அது தெளிவாக இருக்கிறது. ஆனால் மடை லேபிளைப் பார்க்காது. புது எண்களைப் பழைய எழுத்துகளாக மாற்றிக் காட்டுகிறது. தூ, ஈ.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. புது எண்ணைப் படிக்கும் பகுதி ஹென்ரிக்கின் மூல நிரலில் இருந்தது. அதை எடுத்து மடையோடு இணைக்க வேண்டும். கொஞ்சம் நிரல் தெரிந்தவன் செய்துவிடலாம். நான் அந்தக் கோப்பைத் திறக்க நான்கு நாள் ஆனது. முதல் நாள் திரையைத் துடைத்தேன். இரண்டாம் நாள் விசைப்பலகையைக் கழற்றி ஒவ்வொரு விசையாகக் கழுவி வெயிலில் வைத்தேன். வெயில் வரவில்லை. விசிறிக்கு அடியில் வைத்தேன். செங்கேணி தினமும் வேலை முடிந்து வந்து விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். பேருந்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து போனாள்.

ஏகாம்பரம் டீ கொண்டுவந்து வைத்தார். "இன்னா மாப்ள, அந்தப் பொம்பள தெனம் வந்து குந்திக்கினு போவுது. பொட்டி ரிப்பேரா?"

"ஓடுது. எழுத்துதான் வரல."

"எழுத்து வரலன்னா ரிப்பேருன்னு சொல்லு. பேசாம ஒரு ஜெராக்ஸ் மெஷினப் போடு மாப்ள. வெச்சா வருது, எடுத்தாப் போவுது. வெள்ளத்தாளு உள்ள போனா கறுப்பா வெளிய வரும். ஒரு பேஜாரு இல்ல." டீயை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நாஷ்டா துன்னியா?" என்றார். தின்றேன் என்றேன். பொய் என்று அவருக்குத் தெரியும். போய்ப் பொட்டலத்தில் இரண்டு வடை அனுப்பினார்.

ஐந்தாம் நாள் வளர்மதியின் கணக்கிலிருந்தே ஹென்ரிக்குக்கு எழுதினேன். புது எண்ணைப் படிக்கும் பகுதி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கீழே பெயர் எதுவும் போடவில்லை. மறுநாளே பதில். அன்பான மிஸ்டர் வளர்மதி, மீண்டும் உங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி. பல மாதம் சத்தமில்லை, எங்களோடு சண்டை போட ஆளில்லாமல் போரடித்தது. இன்ன கோப்பு, இன்ன வரி. உங்கள் கிளை திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும் நாள் வரட்டும். நன்றி என்று ஒரு சொல் எழுதி அனுப்பினேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

அவர் சொன்ன பகுதியை எடுத்து இணைக்கக் கட்டளை கொடுத்தேன். இரண்டு பேர் ஒரே இடத்தில் கைவைத்திருந்தால் கணினி தானாக முடிவு செய்யாது. ஒருவர் எழுதியதை மேலேயும் மற்றவர் எழுதியதைக் கீழேயும் வைத்து, நடுவில் கோடு கிழித்து நம்மிடம் தந்துவிடும். மேலே வளர்மதியின் ஏழெட்டு வரிகள். அவளுடைய குறிப்பு. கோடு. கீழே அவர்களுடைய நாற்பது வரிகள். லேபிள் என்ன சொல்கிறது என்று பார், அதன்படி செய். இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டால் கோடும் போய்விடும்.

அவளுடையதை நீக்கினால் மாசி எழுதியது படிக்கக் கிடைக்கும். ஆனால் இந்தக் கணினியில் இருக்கும் பழைய மடல்கள் எல்லாம் பொய் லேபிள் போட்டவை. லேபிளை நம்பத் தொடங்கிய உடனே அத்தனையும் தொப்பி போட்ட எழுத்தாகிவிடும். நான்கு வருடத்து ஊர் மடல்கள். அவற்றோடு, நான் சென்னையில் இருந்தபோது வளர்மதி எனக்கு எழுதியவையும் இந்தக் கணினியில்தான் இருந்தன. அவளுடையதை வைத்தால் மாசி உயிரோடு இருக்கிறானா என்று செங்கேணிக்குத் தெரியாது.

மதியம் மின்சாரம் போனது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறிய பெட்டியும் கூவிக் கூவி நின்றது. இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு மாட்டு வண்டி நெல் மூட்டையோடு போனது, பின்னால் ஒருவன் மிதிவண்டியில் வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே போனான். ஒன்றை நீக்க வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது. இரண்டையும் வைத்து நடுவில் ஒரு தேதி போட்டால் போதும். அந்தத் தேதிக்கு முன் வந்ததென்றால் வளர்மதி சொல்வது போல நட. பின் வந்ததென்றால் லேபிளை நம்பு. ஒரே ஒரு நிபந்தனை வரி.

மின்சாரம் வந்தபின் அதை எழுதினேன். தேதி மட்டும் மீதி. சாமுவேலின் கடைசிப் பழைய எழுத்து மடல் ஆடியின் தொடக்கத்தில் வந்திருந்தது. முதல் புது எழுத்து மடல் புரட்டாசியில். இடையில் உள்ள எந்த நாளைப் போட்டாலும் நிரல் சரியாக ஓடும். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது. நான் அதைப் போடவில்லை. ஆகஸ்ட் முப்பத்தொன்று போட்டேன். மாதக் கடைசி. பின்னால் யார் இந்த நிரலைப் படித்தாலும் அந்தத் தேதி எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

போகும் மடலும் புது எண்ணில் போக வேண்டும் என்று அதையும் மாற்றினேன். தொகுத்தேன். பிழை இல்லாமல் முடிந்தது. பழையது திறக்கிறதா என்று பார்க்க வளர்மதியின் மடல்களில் ஒன்றை எடுத்தேன். கரண்ட் இல்லை, இப்போதுதான் வந்தது, சனிக்கிழமை வரும்போது மோடத்துக்கு ஒயர் வாங்கி வா, போன தடவை வாங்கியது குட்டையாக இருக்கிறது. எழுத்து எல்லாம் சரியாக வந்ததா என்று மட்டும் பார்த்தேன். வந்தது. மூடிவிட்டேன்.

மாசியின் மடல்களை நான் திறக்கவில்லை.

சாயங்காலம் செங்கேணி வந்தாள். வாசலில் காலைத் தேய்த்துத் தேய்த்துச் சேற்றைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சா?"

"வரும்."

"நீ படிச்சியா?"

"இல்ல. நீயே படி."

நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தாள். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். "கடசியா வந்தது எது? அத்த தொற மொதல்ல. கெட்டது இருந்தா கடசியிலதான் இருக்கும்."

திறந்தேன். வளர்மதி வைத்த பெரிய எழுத்தில் திரை நிறைய விழுந்தது. செங்கேணி உடனே படிக்கவில்லை. முதலில் தூரத்திலிருந்து மொத்தமாகப் பார்த்தாள், குளத்தில் இறங்குமுன் தண்ணீரைப் பார்ப்பது போல. பிறகு விரலை வைத்தாள்.

"செங்... கே... ணிக்... கு. மா... சி. சொல்... லி. சா... மு... வேல். அடிப்... பது." மூச்சு விட்டாள். "நா... ன். நல்... லா. கீ... றே... ன்."

விரல் நின்றது. வாய் அதை இன்னொரு முறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. பிறகு மேசையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். "நல்லாக் கீறேன்னு போட்டுகீது சாரு! கீறாரு!" டீக்கடையிலிருந்து ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். "யோவ், எம் புருசன் கீறாருய்யா!" என்று அவரிடமும் கத்தினாள். "கீறாரா? அப்ப டீ காசு நீ குடு," என்றார் அவர். அவள் சிரித்தாள். கண்ணைத் துடைக்காமலே மறுபடியும் விரலை வைத்தாள். இப்போது குரல் பெரிதாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை போல இழுத்து இழுத்துப் படித்தாள். மண் சரிந்தது ரோட்டில்தான், சுரங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றுக்கும் பதில் இல்லை, இது நாலாவது. ஆடு குட்டி போட்டதா. கூரைக்குக் கீற்று வாங்கினாயா. நீ எழுதாததால் பயந்துகொண்டிருக்கிறேன்.

அதே சத்தத்தில் அடுத்த வரிக்குப் போனாள்.

"நீ. எழு... தல... ன்னா... லும். அக்... கா. ஒரு. வரி. எழு... தும். அது... வும். இல்... ல. அக்... கா... வுக்... கு. கொய... ந்த. பொற... ந்து... ச்சா. ஆ... ணா. பொண்... ணா."

வாய் சொல்லி முடித்துவிட்டது. காதுக்குப் போய்ச் சேர நேரமானது. விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்து, அங்கேயே நின்றது. அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. நான் படித்தேன். எதனா ஒண்ணுன்னா மறைக்காம சொல்லு. அதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

ஏகாம்பரத்தின் கடையில் யாரோ பாய்லரைத் திறந்தார்கள். ஆவி சீறியது.

"அக்கா சேதி அதுக்குத் தெரியாதுல்ல," என்றாள் செங்கேணி கடைசியில்.

"தெரியாது."

"பதிலு அடி சாரு. இன்னிக்கே போவணும். பயந்துக்கினு கீறாரு."

புதுப் பக்கத்தைத் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். நான் நல்லாக் கீறேன். ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு பொட்டை. கீத்து வாங்கிக் கட்டியாச்சு, மழைக்கு ஒழுகல. கம்ப்யூட்டரு ரிப்பேரு, அதான் எழுதல. நீ சாக்கு மேல படுக்காத, குளிரு ஏறும். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் எட்டிப் பார்த்து, தான் சொன்னதுதானா என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு நிறுத்தினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சோகைக் கீறல்கள் காய்ந்து கறுத்திருந்தன.

"அக்கா நல்லாக் கீதுன்னு போடு."

நான் அடிக்கவில்லை. "மறைக்காம சொல்லுன்னு கேட்டிருக்காரு."

"கேப்பாரு. நான் மட்டும் கேக்கலியா?" திரையைப் பார்த்தபடியே பேசினாள். "காலையில எய்ந்து அந்தப் பொந்துக்குள்ள போவணும் சாரு அது. மேல மலை. மனசு இங்க இருந்தா கை அங்க எங்க இருக்கும்? அதுக்குன்னு எழுத்துல ஒரு வரி சேத்து அனுப்புனது அக்கா ஒண்டிதான். வரட்டும். ஊருக்கு வரட்டும். பஸ்ஸ வுட்டு எறங்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

அக்கா என்று அடித்தேன். பெயரை அடிக்கவில்லை. நல்லாக் கீது என்று அடித்தேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. எழுத்துகள் பெரிதாக, சுத்தமாக இருந்தன. செங்கேணி விரல் வைத்து அந்த வரியைப் படித்தாள். அவள் குரலில் கேட்டபோது அது நிஜமான சேதி போல இருந்தது.

"கொயந்த?" என்றாள்.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"கேட்டுகீறாரே சாரு. வெறும நல்லாக் கீதுன்னா நம்பாது அது. என்ன மாதிரி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னான்னு போடறது? ஆணா, பொண்ணா?"

கழனியோரத்தில் வளர்மதியை எரிப்பதற்கு முன், வயிற்றில் இருந்ததைத் தனியாக எடுக்கப் பெண்கள் மட்டும் பாயைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். என்னைத் தள்ளி, வரப்பில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நுணா மரத்தடியில் சின்னதாக ஒரு குழி. மாமனார் வெள்ளைத் துணியில் எதையோ இரண்டு கையிலும் ஏந்திப் போனார். துணி காற்றில் பறக்காமல் இருக்கத் தாடையால் அழுத்திக்கொண்டு போனார். திரும்பி வந்து கை கழுவினார். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வார்கள்.

"சாரு," என்றாள் செங்கேணி. "பஸ்ஸு போயிடும்."

விசைப்பலகையில் கையை வைத்தேன். எங்களுடையது பழைய தட்டச்சு முறை. கொயந்தையின் கொ, பொண்ணின் பொ மாதிரிக் கொம்பு இருக்கிற எழுத்தென்றால் முதலில் கொம்பை அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்து, அதற்குப் பிறகு கால். கொம்பை அடித்தேன். திரையின் நடுவில் அது மட்டும் வந்து நின்றது. செங்கேணி விரலைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தாள். தனியாக அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்தது வருவதற்காகக் காத்திருந்தாள்.